மூலைக்குப் போன கண்ட்ரோல்

ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் ஒரு கோப்பைச் சேமிக்கக் கண்ட்ரோலை அழுத்தியபடி எக்ஸைத் தட்ட வேண்டும், பிடியை விடாமல் எஸ்ஸைத் தட்ட வேண்டும். முறையாகத் தட்டச்சு பழகியவர்களுக்கு இந்த இரண்டு எழுத்துகளும் இடது மோதிரவிரலின் பொறுப்பு. கண்ட்ரோல் அதே கையின் சுண்டுவிரலுக்கு. சுண்டுவிரல் பலகையின் கீழ்மூலைக்கு இறங்கி அமுக்கிப் பிடித்திருக்க, பக்கத்து விரல் மடங்கிக் கீழ்வரிசைக்குப் போய், மறுபடி நிமிர்ந்து நடுவரிசைக்கு வருகிறது. அப்போது மணிக்கட்டைக் கவனித்தால் அது நேராக இருக்காது. சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் எழுதுகிறவர்கள் பத்தி முடிந்தாலும் சேமிக்கிறார்கள், சொல் கிடைக்காமல் திணறும்போதும் சேமிக்கிறார்கள், டீ குடிக்க எழும்போதும் சேமிக்கிறார்கள். அந்த நொடிகளையெல்லாம் இடது கை கூட்டிக்கொண்டே வருகிறது.

இப்படி வரும் சுண்டுவிரல் வலிக்கு நிரலாளர்களிடையே ஈமாக்ஸ் பிங்கி என்று பெயர். கேலிபோல ஒலித்தாலும் அனுபவிப்பவர்களுக்கு அது கேலியாக இருப்பதில்லை. விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனி வரை போகின்றன. மணிக்கட்டு ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது அந்த நாண்கள் வளைந்த வழியில் இழுபடுகின்றன. தட்டுவதைவிடப் பிடித்துக்கொண்டிருப்பது கடினம், ஏனென்றால் பிடித்திருக்கும் தசைக்குத் தளர நேரம் கிடைப்பதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் ஆகிய மூன்றும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய விசைகள். அவற்றில் இரண்டை, இருக்கிற விரல்களிலேயே மிகவும் சின்னதிடம் கொடுத்துவைத்திருக்கிறோம்.

யார் கொடுத்தார்கள் என்று தேடிப் போனால் குற்றவாளி என்று ஒருவரும் அகப்படுவதில்லை. ஈமாக்ஸ் 1976இல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது. டெக்கோ என்ற பழைய எடிட்டருக்காக அங்கே ஆளாளுக்கு எழுதி வைத்திருந்த மேக்ரோக்களை ஒழுங்குபடுத்தித் தொகுத்ததில் வந்த மென்பொருள் அது. ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அதில் முக்கியமானவர்கள். அதே ஆய்வகத்தின் லிஸ்ப் இயந்திரங்கள் என்ற கணினிகளுக்காக டாம் நைட் வடிவமைத்த ஸ்பேஸ் கேடட் விசைப்பலகையின் படத்தை இன்றும் பார்க்கலாம். ஸ்பேஸ் பாரை ஒட்டி இருபுறமும் கண்ட்ரோல், அதையடுத்து மெட்டா, பிறகு சூப்பர், ஹைப்பர். கட்டைவிரலைக் கொஞ்சம் நகர்த்தினால் கண்ட்ரோல் கிடைத்துவிடும். எந்தக் கை எழுத்தைத் தட்டுகிறதோ அதற்கு எதிர்க்கையின் கட்டைவிரலால் கண்ட்ரோலைப் பிடிக்கலாம். அந்தப் பலகையின் முன் உட்கார்ந்து ஈமாக்ஸின் குறுக்குவிசைகளைத் தட்டிப் பார்த்திருந்தால் இவற்றை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1981இல் வந்த ஐ.பி.எம். பிசியில் கண்ட்ரோல் ஏ எழுத்துக்கு இடப்பக்கம் இருந்தது. சுண்டுவிரலின் வேலைதான், ஆனால் இருந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்ன நகர்வு போதும். எண்பதுகளின் நடுவில் அதே நிறுவனம் 101 விசைகள் கொண்ட புதிய பலகையைக் கொண்டுவந்தபோது கேப்ஸ் லாக் அந்த இடத்துக்கு ஏறியது, கண்ட்ரோல் கீழ்மூலைக்கு இறங்கியது. பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஷிஃப்ட் லாக் இருந்த இடம் அது என்பதால் அலுவலகத்துத் தட்டச்சர்களுக்கு இந்த மாற்றம் இயல்பாகவே பட்டிருக்கும். உலகம் முழுவதும் அந்தப் பலகையைப் பின்பற்றியது. இன்றைக்குச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் மலிவான பலகையிலும் அதே அமைப்புதான். பலகை மாறியது, ஈமாக்ஸின் விசைகள் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே விழுந்த தூரத்தைச் சுண்டுவிரல் நடந்து கடக்கிறது.

ஈமாக்ஸுக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. பெர்க்லியில் பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதியது ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தில். அதில் எஸ்கேப் இருந்தது இன்று டேப் இருக்கும் இடத்தில். ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. விஐயில் கர்சர் அந்த நான்கு எழுத்துகளால் நகர்வதும், எடுத்ததற்கெல்லாம் எஸ்கேப் தட்ட வேண்டியிருப்பதும் அந்தப் பலகையின் வழி வந்த பழக்கங்கள். இன்று எஸ்கேப் மேல்மூலையில் தனியாக நிற்கிறது. 2016இல் ஆப்பிள் தன் மேக்புக் புரோவில் அந்த விசையையே எடுத்துவிட்டுத் தொடுதிரைப் பட்டை ஒன்றை வைத்தது. 2019இல் திருப்பிக் கொடுத்தது.

எடிட்டர் பக்கமே போகாதவர்களும் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி, செய்ததை ரத்து செய்ய இசட் என்ற வழக்கம் ஆப்பிளில் லிசா கணினிக்காகப் பணியாற்றிய லாரி டெஸ்லர் வழியாக வந்தது. 1984இல் வந்த மெக்கின்டாஷில் இவற்றோடு சேர்த்து அழுத்த வேண்டிய கமாண்ட் விசை ஸ்பேஸ் பாரை ஒட்டி இருந்தது. அது கட்டைவிரலின் வேலை. விண்டோஸ் அதே நான்கு எழுத்துகளை எடுத்துக்கொண்டது. துணை விசையாகத் தன்னிடம் இருந்த கண்ட்ரோலை வைத்தது. எழுத்துகள் அப்படியே வந்து சேர்ந்தன, கட்டைவிரல் மட்டும் வந்து சேரவில்லை. நகலெடுத்து ஒட்டும் ஒவ்வொரு குமாஸ்தாவும், மாணவரும், ஆய்வேடு எழுதுபவரும் அந்த விடுபடலைச் சுண்டுவிரலால் ஈடுகட்டுகிறார்கள்.

ஒரு குறுக்குவிசை என்பது ஒரு காலத்துக் கைக்கும் ஒரு காலத்துக் கருவிக்கும் நடந்த உடன்பாடு. கருவி போய்விட்டது. உடன்பாடு மட்டும் பழக்கம் என்ற பெயரில் தங்கிவிட்டது. இது தெரிந்த பிறகு, என் கைக்கு ஏற்றபடி விசைகளை மாற்றிக்கொள்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. கணினிக்காரர்களிடையே மூலவடிவத்தை மாற்றாமல் பயன்படுத்துவது ஒரு விரதம்போலப் பேசப்படும். விரல் நினைவில் நூறு கட்டளைகளை வைத்திருப்பவர் கெட்டிக்காரர். மாற்றிக்கொண்டவர் சிரமத்துக்குப் பயந்தவர். வலியை வெளியே சொல்லாமல் வேலை பார்ப்பதில் ஒரு பெருமை வேறு. நெசவுத்தறியிலும் அச்சுக்கூடத்திலும் இதைவிடக் கடினமாக உழைத்தவர்கள் இருக்கும்போது, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தட்டுகிறவனுக்கு என்ன வலி என்ற கேள்வியும் உள்ளுக்குள் எழும். அந்தக் கேள்விக்கு வயது அதிகம். தொழில்வழி நோய்கள் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1713இல் வெளிவந்த தன் நூலின் விரிவான பதிப்பில் எழுத்தர்களுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உட்கார்ந்தே இருப்பது, கை ஒரே விதமாக ஓயாமல் அசைவது, மனம் தொடர்ந்து இறுகியிருப்பது என்று அவர் சொன்ன மூன்று காரணங்களில் எதையும் இன்றுவரை நீக்க முடியவில்லை.

ராமஸ்ஸினி தனக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரைப் பற்றியும் சொல்கிறார். வாழ்நாளெல்லாம் எழுதிய அவருக்கு முதலில் வலது கை முழுவதும் களைத்தது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை, கடைசியில் அது செயலிழந்தது. அவர் இடது கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடது கைக்கும் அதே நோய் வந்தது.

விசைகளை மாற்றிக்கொள்கிறவர்கள் மறக்கக்கூடாத கதை இது. சுமையை இடம் மாற்றுவது ஒன்று, குறைப்பது வேறொன்று. கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. லினக்ஸிலும் மேக்கிலும் அமைப்புகளிலேயே அதற்கு இடம் உண்டு; விண்டோஸில் ஒரு சின்னக் கருவியை நிறுவ வேண்டும். மணிக்கட்டின் சாய்வு உடனே குறைகிறது, நல்ல மாற்றம்தான். ஆனால் விரல் அதே சுண்டுவிரல், தடவைகளும் அதே தடவைகள். கட்டைவிரலுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு மருத்துவர்கள் டி குர்வேன் என்ற பெயரைச் சொல்வார்கள்; கட்டைவிரலின் நாண்களைச் சூழ்ந்த உறை வீங்கி வலிப்பது அது. அந்தப் பத்திர எழுத்தரின் இடது கைதான் நம் கட்டைவிரல்.

குறைப்பதற்கு முதல் வழி, பிடித்துக்கொண்டிருக்கும் வேலையை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும் வேலையாக மாற்றுவது. ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் விண்டோஸில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்; விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எரிச்சலோடு அதை மூடுவார்கள். ஸ்டிக்கி கீஸ் என்று அதற்குப் பெயர். கண்ட்ரோலைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம். அடுத்துத் தட்டும் எழுத்தோடு அது தானாகச் சேர்ந்துகொள்ளும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தில், ஒரு விரலாலோ வாயில் பிடித்த குச்சியாலோ தட்டச்சு செய்கிறவர்களை மனதில் வைத்து உருவாக்கிய வசதிகளில் ஒன்று அது. விண்டோஸ் 95இலிருந்து ஒவ்வொரு கணினியிலும் கூடவே வருகிறது. கை நோகும் நிரலாளருக்கு வேண்டியது ஏறத்தாழ இதுவேதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிவைத்த பக்கத்துக்குள் தானும் போக வேண்டுமா என்ற தயக்கத்தை மட்டும் அவர் தாண்ட வேண்டும்.

ஈமாக்ஸ் தன்னுள்ளேயே இதற்குப் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஈவில் என்ற நீட்சியைப் போட்டால் அது விஐயைப் போல நடந்துகொள்ளும். எழுதும் நிலை, கட்டளை நிலை என்று இரண்டாகப் பிரிந்து, கட்டளை நிலையில் வெறும் எழுத்துகளே கட்டளைகளாகிவிடும். காட் மோட் என்ற நீட்சியில் விசைகள் பழையவைதான், கண்ட்ரோலை மட்டும் தட்ட வேண்டியதில்லை. ஸ்பேஸ்மாக்ஸ், டூம் போன்ற தொகுப்புகளில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கட்டளைகளின் பட்டியல் விரியும். எழுத்து எழுத்தாகத் தட்டி உள்ளே போகலாம். 2022இல் வந்த ஈமாக்ஸின் 28ஆம் பதிப்பில் இன்னொரு சின்ன ஏற்பாடு சேர்ந்தது. ஒரு திருத்தத்தை ரத்து செய்ய முதல்முறை முழு விசையையும் தட்டினால் போதும். அடுத்தடுத்த திருத்தங்களுக்கு யு எழுத்தை மட்டும் தட்டிக்கொண்டே போகலாம். வலி தெரிந்த யாரோ யோசித்த காரியம் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது வழி, தடவைகளையே குறைப்பது. இதற்கு முதலில் எதை அதிகம் தட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். ஈமாக்ஸில் கட்டளைகளை எண்ணிக் கணக்கு வைக்கும் நீட்சி ஒன்று உண்டு. அதன் பட்டியலைப் பார்த்தபோது, நான் பெருமையாகக் கற்று வைத்திருந்த அரிய கட்டளைகள் எல்லாம் அடியில் எங்கோ கிடந்தன. உச்சியில் நின்றவை கர்சரை ஒரு வரி கீழே, ஒரு வரி மேலே, ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்த்தும் கட்டளைகள். வலி அரிய கட்டளைகளிலிருந்து வருவதில்லை. யோசிக்காமல் செய்வதிலிருந்து வருகிறது. பத்து வரி கீழே போகப் பத்து தடவை தட்டாமல், போக வேண்டிய சொல்லின் முதல் எழுத்துகளைத் தேடலில் கொடுத்தால் நேரே அங்கே போய் நிற்கலாம். சேமிப்பதை எடிட்டரிடமே விட்டுவிடலாம். இன்றைய எடிட்டர்கள் பலவும் தாமாகச் சேமித்துக்கொள்ளத் தெரிந்தவை. முதல் பத்தியில் விவரித்த அந்த நொடி அப்போது தேவையே இல்லாமல் போகிறது. கை மட்டும் கொஞ்ச காலம் பழைய ஞாபகத்தில் மூலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று நியாயமானது. உன் விசைகளை உன் விருப்பப்படி மாற்றிவிட்டால் நாளைக்கு நண்பரின் கணினியிலோ தூரத்து சர்வரிலோ உட்காரும்போது தடுமாறுவாய் என்பது அது. தடுமாறுவது உண்மைதான். ஜப்பானில் எயிதி வாடா என்ற பேராசிரியர் இதற்கு வேறு பதில் வைத்திருந்தார். 1996இல் அவர் வடிவமைப்பில் வந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டில் கண்ட்ரோல் மறுபடி ஏ எழுத்தின் பக்கத்துக்கு வந்தது. பலகை சின்னது, கையோடு எடுத்துப் போகலாம். அமெரிக்க மேய்ச்சல்காரர்கள் குதிரை இறந்தால் அதை விட்டுவிட்டுப் போவார்கள், சேணத்தை மட்டும் சுமந்து செல்வார்கள் என்று அவர் சொன்னது புகழ்பெற்றது. கணினி குதிரை, பலகை சேணம். எல்லோராலும் தனிப் பலகை வாங்க முடியாது. ஆனால் விசை மாற்றங்களை எழுதிய ஒரு சின்னக் கோப்பை எங்கேயும் எடுத்துப் போகலாம், அதற்குச் செலவில்லை. வருடத்தில் சில மணி நேரம் அடுத்தவர் கணினியில் தடுமாறாமல் இருப்பதற்காக மீதி நாளெல்லாம் சொந்தக் கணினியில் வலியோடு உட்காருவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

எல்லா வலிக்கும் குறுக்குவிசை காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டால்மனுக்கே தொண்ணூறுகளின் நடுவில் கடுமையான கைவலி வந்தது. ஆண்டின் பெரும்பகுதி ஒற்றை விரலால் தட்டும் நிலை. அவர் சொல்லச் சொல்லத் தட்டுவதற்கு ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர் கண்டுபிடித்த காரணம், பலகையின் விசைகள் அழுத்தக் கடினமாக இருந்தன என்பதுதான். இலகுவாக அமுங்கும் பலகைக்கு மாறியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். ஈமாக்ஸை எழுதியவரின் கையைப் பழுதாக்கியது ஈமாக்ஸ் இல்லை, விசைக்கு அடியில் இருந்த எதிர்ப்பு. நரம்பு விஷயமும் இப்படித்தான். கைவலி என்றாலே எல்லோரும் கார்பல் டனல் என்கிறார்கள். மணிக்கட்டில் அந்தக் குறுகிய வழியே போகும் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி இவற்றுக்கானது. சுண்டுவிரலுக்குப் போவது அல்னர் நரம்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அங்கே எலும்பை ஒட்டி வருகிற நரம்பு அது. சுண்டுவிரல் மரத்துப்போனால் கோளாறு விரலில் இல்லாமல், நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றியிருக்கும் முழங்கையில் இருக்கலாம். அதை எடிட்டரின் அமைப்புகளில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் சொந்தப் பங்கு ஒன்று உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 பலகை, விரலை நினைத்துச் செய்த பலகை. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். இரு கையும் மாறி மாறி வேலை செய்யும். வெள்ளம் என்று தட்டிப் பாருங்கள். தமிழ்99இல் வ, எ, ள, ள, ம, புள்ளி என்று ஆறு தட்டல்கள். இரண்டாவது ள வந்ததும் முதல் ளகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளால் தட்டினாலும் ஆறு தட்டல்கள்தான். ஆனால் இரண்டு ளகரங்களுக்கும் ஷிஃப்டைப் பிடித்திருக்க வேண்டும். ணகரம், ளகரம், றகரம் வரும்போதெல்லாம் சுண்டுவிரல் ஷிஃப்டுக்குப் போய் வரும். தமிழில் அவை எத்தனை தடவை வரும் என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்99இல் கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிஃப்ட் தேவைப்படுகிறது. இருந்தும் நம்மில் பலர் ஒலிபெயர்ப்பிலேயே இருக்கிறோம், நானும்கூட நெடுநாள் இருந்தேன். ஆங்கிலப் பலகை ஏற்கனவே விரலில் இருக்கும்போது இன்னொன்றைப் பழகுவானேன் என்பதுதான் காரணம். ஈமாக்ஸ்காரர் பழைய விசையை விடாததற்கும் அதே காரணம்தான். புதிய பலகை பழகச் சில வாரங்கள் எடுக்கும். அந்த வாரங்களில் எழுத்து மெதுவாகும், பொறுமை போகும், பழையதற்கே திரும்பிவிடலாம் என்று தோன்றும். அதைத் தாண்டினால் கை உங்களுடையது.

விசையை மாற்றுவதால் வயது குறையாது, வேலை குறையாது, கெடு தள்ளிப்போகாது. எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கும் அலுவலகத்துக்கு எந்த நீட்சியும் மருந்தாகாது. எழுந்து நடப்பதற்கும் கையைத் தளர்த்துவதற்கும் ஈடான குறுக்குவிசையும் இல்லை. ஆனால் மிச்சத்தில் கணிசமான பகுதி நம் கையிலேயே இருக்கிறது. வலி தொடங்கியிருந்தால் இன்றைக்கே கேப்ஸ் லாக்கை மாற்றுங்கள். அடுத்து எதை அதிகம் தட்டுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனித்து, முதலில் நிற்கும் நான்கைந்தை மட்டும் எளிதாக்குங்கள். மரமரப்பு இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மென்பொருள் எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வைக்கும் ஒவ்வொரு விசையையும் பயன்படுத்துகிறவர் மாற்றிக்கொள்ள வழி வையுங்கள். உங்கள் மேசையில் இருக்கும் பலகையும் இன்னும் பத்து வருடத்தில் மாறிவிடும். விசைகளை மாற்ற விடாத எடிட்டர், மற்ற எத்தனை வசதிகள் இருந்தாலும், இன்னும் எழுதி முடிக்கப்படாத எடிட்டர்தான்.